ஆறாவது கட்டத்துக்கு ஒரு கையெழுத்து

காகிதத்தில் ஆறு கட்டங்கள். ஐந்தில் கையெழுத்து விழுந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஆறாவது மட்டும் வெறுமையாக இருந்தது. பார்த்துப் பார்த்து, அந்த வெறுமைக்கு ஒரு முகம் இருப்பதாகவே ரம்ஷா நினைக்கத் தொடங்கியிருந்தாள். யாருக்கும் கெடுதல் நினைக்காத, ஆனால் எதற்கும் அசைந்துகொடுக்காத, பாதித் தூக்கத்திலிருக்கும் முகம்.

கணபதிப் பகுதியில் இருக்கும் அந்த மோட்டார் பம்ப் கம்பெனியில் ஐந்து வருஷம் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவள் அவள். முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, கடைசி நாள் வரை வேலை செய்து, கேக் வெட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு வெளியே வந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. ரிலீவிங் லெட்டர் வரவில்லை. கடைசி மாதச் சம்பளமும் எடுக்காத லீவுக்கான காசும் வரவில்லை. நீலாம்பூரில் அவளை வேலைக்கு எடுத்திருந்த கம்பெனி இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்டது. நேற்று மூன்றாவது முறையாகப் பேசியபோது அந்தப் பெண்ணின் குரலில் பழைய இனிமை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் லெட்டரின் படம் வந்தால் திங்கட்கிழமை சேரலாம், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. மணி ஒன்பதரை. கரும்புக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து திருமூர்த்தியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திருமூர்த்திதான் அங்கே ஆள் எடுப்பதும் அனுப்புவதும்.

அவரிடம் கோபப்படவும் முடியாது. முதல் முறை வந்தபோது டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் முறை இளநீர். ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. அந்தக் கட்டடத்தில் யாருமே அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க, நாளைக்குப் பேசிக்கலாமுங்க என்று பஞ்சுப் பொதிகளாக அடுக்கிவைத்திருந்தார்கள். எங்கே முட்டினாலும் வலிக்காது. எங்கே முட்டினாலும் கதவு இருக்காது.

"ஆறாவது கட்டம் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் கையெழுத்துங்க," என்றார் திருமூர்த்தி, முதல் முறை சொல்வது போலவே. "ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் நீங்க. உங்களுக்கு நீங்களே பாக்கி இல்லைன்னு போட முடியாதுங்களே. அதுவுமில்லாம, நீங்கதான் வேலைய உட்டுப் போயிட்டீங்க."

"அப்ப வேற ஆளப் போடுங்க."

"போட்றலாமுங்க. ஆளு கெடைக்கோணுமில்லீங்க." பிறகு சங்கடத்தோடு சிரித்தார். "இந்த ஃபாரமே நீங்க போட்டதுதானுங்களே."

அதுதான் அவளைக் குத்தியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன ஒரு ஃபிட்டர் ஸ்பேனர் செட்டோடு போய்விட்டான். ரம்ஷாதான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து இந்தப் படிவத்தை டைப் செய்தாள். ஆறு கையெழுத்தும் இல்லாமல் எவரையும் விடுவிக்கக் கூடாது என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டவளும் அவள்தான். அன்றைக்கு முதலாளி வேங்கடசாமி மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு ஏற்றுக்கொண்டாள்.

முதலாளி கோபிச்செட்டிபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு பதினொன்றரைக்கு வந்தார். நெற்றியில் சந்தனம் இன்னும் அழியவில்லை. அவளைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அத்தாவின் தையல் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டார். வாழைத்தார் ஒன்று காரில் இருக்கிறது, போகும்போது ஒரு சீப்பு எடுத்துப் போ என்றார். லெட்டரை அனுப்பச் சொன்னதும், "ஆகட்டும் கண்ணு, தாட்டி உட்றலாம்," என்றார். அதே மூச்சில், அவ்வளவு தூரம் நீலாம்பூர் போவதற்கு இங்கேயே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் ஆகாதா என்றும் கேட்டார்.

ரம்ஷாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. யாரும் சதி செய்யவில்லை. அவள் போய்விட்டாள் என்பதே இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. ஏனென்றால் அவள் போகவே இல்லை. நாற்பத்து மூன்று நாளும் தினம் இரண்டு மூன்று ஃபோன் வரும். அந்த பேரிங் எந்த ரேக், இந்த வால்வு எந்தப் பெட்டி என்று கேட்பார்கள். அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். போத்தனூரில் சொந்தக்காரர் கல்யாணத்தில் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு செப்புக் கம்பிச் சுருள் இருக்கும் இடத்தைச் சொன்னாள். சம்பளமில்லாமல் ஸ்டோர்ஸ் நடந்துகொண்டிருக்கும்போது புது ஆளைத் தேட யாருக்கு அவசரம்?

நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. கீழே லோடு ஏற்றும் மோகன்குமார். அவள் மாடியில் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியாது. ஐந்து எச்.பி. மோட்டாருக்கான புஷ் எங்கே, வண்டி நிற்கிறது என்றான். வாய் வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, பாவாத்தாக்காவைக் கேள் என்றாள்.

"அந்தக்காளுக்கு என்னங்க தெரியும்? கூட்டிப் பெருக்கறவீங்க."

"கேட்டுத்தான் பாரேன்."

ஃபோனைக் காதில் வைத்தபடியே அவன் கூப்பிடுவது கேட்டது. பாவாத்தாளின் குரல் தூரத்தில் ஏதோ சொன்னது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் அவமானத்தோடு சொல்லிவிட்டு வைத்தான்.

எட்டு வருஷமாக அந்த ஸ்டோர்ஸைக் கூட்டித் துடைத்து, பெட்டிகளை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பவள் பாவாத்தாள். காண்ட்ராக்ட் கூலி. ஒவ்வொரு பெட்டியின் கனமும் அவள் கைக்குத் தெரியும். ரம்ஷா எழுந்து முதலாளியின் அறைக்குத் திரும்பப் போனாள். பாவாத்தாளை இன்சார்ஜ் ஆக்கிவிடுங்கள் என்றாள்.

முதலாளி சிரித்தார். எட்டாவதுதான் படித்திருக்கிறாள் என்றார். இந்தக் கம்பெனியில் புஷ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த படித்தவர் யாராவது இருக்கிறாரா என்று ரம்ஷா கேட்டாள். மறுப்பதற்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அது அவரிடம் இல்லை.

"ஆகட்டும்," என்றார். "சம்பளத்தப் பத்திப் பொறகு பாத்துக்கலாம்."

அந்த ஆகட்டும் ஆறுவதற்குள் ரம்ஷா திருமூர்த்தியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நியமன உத்தரவை டைப் செய்தாள். பொறகு என்பது எத்தனை மாதம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆகவே சம்பளக் கட்டத்தில் தான் முதல் வருஷம் வாங்கிய தொகையை அடித்தாள். முதலாளி படித்துவிட்டு அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டே முக்கால்.

இனி ஒரு நிமிஷ வேலைதான் என்று நினைத்துக்கொண்டு ரம்ஷா கீழே ஓடினாள்.

பாவாத்தாள் உத்தரவை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேனாவையும் படிவத்தையும் ரம்ஷா நீட்டியபோது கையை நீட்டவில்லை.

"எண்ணிப்போட்டுப் போடறனுங்க அம்மணி."

ரம்ஷாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ரேக்குகளை நிமிர்ந்து பார்த்தாள். நாலாயிரத்துச் சொச்சம் உருப்படி. எல்லாம் வேண்டாம், விலை கூடினது மட்டும் பார்க்கிறேன் என்று பாவாத்தாள் இறங்கி வந்தாள். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரேக் ரேக்காகப் போனாள். நம்பரைச் சத்தமாகச் சொல்வாள், எண்ணுவாள், பென்சிலால் ஒரு டிக் போடுவாள். அவசரமே இல்லை. ரம்ஷா கவிழ்த்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு. இரண்டே முக்கால். இந்தக் கட்டடம் தன்னை விழுங்கிவிட்டது என்றும், இனிமேல் ஒவ்வொரு இன்சார்ஜுக்கும் ஒரு இன்சார்ஜைத் தேடித் தேடியே கிழவியாகப் போகிறோம் என்றும் தோன்றியது.

நான்கு பத்துக்கு பாவாத்தாள் நின்றாள். ஒரு பெட்டியை மறுபடி எண்ணினாள்.

"மெக்கானிக்கல் சீல் மூணு கொறையுதுங்க."

பம்பிலிருந்து தண்ணீர் கசியாமல் தடுக்கும் விலை கூடின சாமான் அது. ரம்ஷாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. கோடையில் ஒரு சாயங்காலம் சர்வீஸ் பையன் அன்புமணி மூச்சிரைக்க வந்து நின்றான். கோபி பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டது, குலை தள்ளின மரம் காய்கிறது, சாமான் எடுத்ததற்கான சிலிப்பை நாளைக்குத் தருகிறேன் என்றான். அவளும் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அவன் மறந்தான், அவளும் மறந்தாள். இப்போது அவனைக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

நடந்ததைச் சொன்னாள். தப்பு ஒன்றும் இல்லை, கண்டுகொள்ளாமல் போட்டுவிடுங்கள் என்றாள். அஞ்சு மணியைப் பற்றியும் சொன்னாள். கடைசியில் குரல் உயர்ந்தேவிட்டது. "உங்களுக்கு இந்த வேலைய வாங்கிக் கொடுத்ததே நாந்தானக்கா."

பாவாத்தாள் புத்தகத்தை மூடினாள்.

"இல்லீங்க அம்மணி. முடியாதுங்க." குரல் உயரவில்லை. "நீங்க நல்லவீங்க. எனக்குத் தெரியும். ஆனா திங்கக்கெழம இந்த மூணும் என்ற தலையிலதானுங்க உழுவும். நீங்க மறந்துபோட்டீங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கூட்டறவள இன்சார்ஜ் ஆக்குனா இப்படித்தான் எடுத்துட்டுப் போவான்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்களா இல்லீங்களா?"

சொல்லுவார்கள். யார் சொல்லுவார்கள், எந்த இடத்தில் நின்று சொல்லுவார்கள் என்பதுகூட ரம்ஷாவுக்குத் தெரியும். கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியது. நாற்பத்து மூன்று நாளில் இந்தக் கட்டடத்தில் அவள் காதில் விழுந்த முதல் முடியாது இது. அது என்னவோ சுவர் மாதிரி இல்லை. இன்னது குறைகிறது, இன்னது செய்தால் தீரும் என்று அதில் தெளிவாக இருந்தது.

சிலிப் புத்தகத்தை இழுத்து, மூன்று சீல், சிலிப் இல்லாமல் கொடுத்தது நான், விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும் என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். மூன்றும் சேர்ந்து இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அன்புமணியின் பெயரை எழுதவில்லை. அவனுக்கு அது நான்கு நாள் சம்பளம்.

பாவாத்தாள் சிலிப்பைப் படித்தாள். புத்தகத்தில் செலவில் எழுதினாள். பிறகு ஆறாவது கட்டத்துக்குள், கோட்டைத் தொடாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"வாரம் ஒருக்கா வந்து போங்க கண்ணு," என்றாள். "ஆனா உள்ள வர்றதுன்னா பாஸ் வாங்கிட்டு வாங்க."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் ரம்ஷா மாடி ஏறினாள். பிடித்தம் என்றதும் திருமூர்த்தியின் விரல்கள் நம்ப முடியாத வேகத்தில் ஓடின. இரண்டு நிமிஷத்தில் கணக்கில் ஏற்றிவிட்டார். லெட்டருக்கு இருபது நிமிஷம் ஆனது. பிரின்டரில் காகிதம் இல்லை, பிறகு மை இல்லை, பிறகு ரப்பர் முத்திரையின் மூடி கழலவில்லை. நான்கு ஐம்பத்து இரண்டுக்கு அவள் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. திங்கள் ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று பதில் வந்தது.

திருமூர்த்தி எழுந்து, கை கூப்பி, விடைகொடுக்கத் தயாராக நின்றார். சம்பளம் என்றாள் ரம்ஷா.

"வந்துருமுங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் சரிங்க என்று எழுந்துவிடுவாள். கால்கள் பழக்கத்தில் பாதி எழவும் செய்தன.

"இல்லீங்க," என்றாள். "எந்தத் தேதின்னு எழுதிக் குடுங்க."

அவர் காலண்டரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். முதலாளியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"கேட்டுட்டு வாங்க. இருக்கறேன்."

திருமூர்த்தி சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவர் போனார். ரம்ஷா நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, லெட்டரை நான்காக மடிக்காமல் பைக்குள் பத்திரமாக வைத்தாள். கடைசி பஸ் ஒன்பதரைக்கு.