ஃபேசருக்கு வைத்த பொட்டு

இரண்டு வருஷமாக என் நிம்மதியைக் கெடுத்தது இரண்டு நொடிச் சத்தம்.

எண்ணூரில் எஞ்சின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் டிசைன் எஞ்சினியர். பெயர் ஜானட். நான் வரைந்த சாமானுக்குப் பெயர் ஃபேசர். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் முனையில் உட்காரும் உள்ளங்கை அகலச் சக்கரம். எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் உள்ளே புகுந்து அதை முன்னும் பின்னும் திருப்பும். அதற்கேற்ப வால்வுகள் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ திறக்கும். பெட்ரோலும் மிச்சம், இழுவையும் கிடைக்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, காலையில் முதல் ஸ்டார்ட்டைத் தவிர. ராத்திரி முழுக்க எஞ்சின் நின்றால் ஃபேசருக்குள் இருக்கும் எண்ணெய் வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும், எண்ணெய் மறுபடி நிரம்பும்வரை உள்ளே இருக்கும் இறக்கைகள் சுவரில் மோதி, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினமாதிரி கடகடவென்று கத்தும். புது வண்டி வாங்கினவன் காதில் அது விழுந்தால் வண்டியை ஷோரூம் வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவான்.

எண்ணெய் வந்த வழியாகவே திரும்பி ஓடுகிறது என்று நினைத்து, அந்த வழியில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு வைத்தேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். இடைவெளியைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் நன்றாக ஆறினால்தான் கத்தும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும். அதனால் தினம் காலையில் ஒரு தடவை தோற்றேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மேனேஜர் இசக்கிப்பாண்டி சார் கூப்பிட்டார். "பூஜை முடிஞ்சு அடுத்த வெள்ளிக்கிழமை கார் கம்பெனிக்காரங்க வாராங்க. அன்னைக்கும் கத்துச்சுன்னா வெளிநாட்டு ஃபேசரையே வாங்கிக்கிடுவாங்க. உன்னோடதை மூட்டை கட்டிர வேண்டியதுதான்." நல்ல மனுஷர்தான். ஆனால் விஷயத்தைச் சுற்றி வளைக்கத் தெரியாது.

பூஜை அன்று சோதனை எஞ்சினின் முன்மூடி கழற்றிக் கிடந்தது. சோதனைக்கூடத்து மெக்கானிக் கிருஷ்ணப்பன் காத்திவாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் போய்க்கொண்டிருந்தார். நான் பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ராயபுரத்து வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தபோது எஞ்சின் தயாராக இருந்தது. பூஜை அன்றே கிருஷ்ணப்பன் மூடியை மாட்டி, ஒரு தடவை ஓட்டி நிறுத்தியிருந்தார். ஸ்டார்ட் செய்தோம். சத்தமே இல்லை.

"சாமி கண்ணத் தொறந்துட்ச்சி மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் கிருஷ்ணப்பன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. தானாகச் சரியான எஞ்சினை எதை நம்பி வாடிக்கையாளரிடம் காட்டுவது? உடனே மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே, என் ஃபேசரின் முகத்தில், எண்ணெயில் ஊறிய சந்தனமும் குங்குமமும்.

எனக்குக் கோபம் வந்தால் படித்த தமிழ் பறந்துவிடும். "இன்னா வேல பண்ணி வெச்சிகீறீங்க? இது எண்ணெயில கலந்தா பேரிங்கு இன்னாத்துக்கு ஆவும்? எஞ்சினயே கலீஜ் பண்ணிட்டீங்களே" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. கிருஷ்ணப்பன் மெஷின் துடைக்கும் பனியன் துணியை எடுத்துச் சுத்தமாகத் துடைத்தார். மத்தியானம் வழக்கமாக என் பக்கம் நகரும் அவருடைய இறால் தொக்கு டப்பா அன்றைக்கு நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி கடகட.

போன உயிர் அப்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது. திங்களுக்கும் செவ்வாய்க்கும் வித்தியாசம் அந்தப் பொட்டு மட்டும்தான். நேராக அவரிடம் போனேன்.

"அண்ணே, பொட்டை எங்க வெச்சீங்க?"

"அதான் தொடச்சிட்டேன் இல்ல மேடம். வுடுங்க."

"தொடச்சது தெரியும். சரியா எந்த இடத்துல வெச்சீங்க?"

முகத்தைத் திருப்பிக்கொண்டே விரலை வைத்துக் காட்டினார். "இங்க. நடுவுல சின்னதா ஓட்ட கீது பாருங்க. நெத்தி மாறியே தோணிச்சி. சாந்து புட்ச்சி நிக்கட்டும்னு அயுத்தி வெச்சேன்."

அது நான் போட்ட துளை. எஞ்சின் நிற்கும்போது ஓர் ஊசி இறங்கி ஃபேசரைப் பூட்டும்; அதன் முதுகுப் பக்கம் காற்றுப் போய்வர அந்தத் துளை.

இசக்கிப்பாண்டி சார் அறைக்கு ஓடினேன். இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்ட்ராவைப் பிடுங்கி, மேல் முனையை விரலால் அடைத்துத் தூக்கிக் காட்டினேன். உள்ளே இருந்த இளநீர் சொட்டாமல் நின்றது. விரலை எடுத்தேன். அவர் ஃபைல்மேல் கொட்டியது.

"எண்ணெய் ஓடற வழியைத் தேடி ரெண்டு வருஷம் அலைஞ்சேன் சார். காத்து வர்ற வழியைத் தேடவே இல்ல. கிருஷ்ணப்பன் அண்ணன் வெச்ச பொட்டு ஊசியோட காத்துத் துளையை அடைச்சிருக்கு, அதான் எண்ணெய் வடியல."

அவர் ஃபைலைத் துடைத்தார். "அப்ப ஓட்டையை அடைச்சிர வேண்டியதுதானே?"

"அடைச்சா சூட்டுல ஊசி சிக்கிக்கும். ஊசிக்குக் காத்துக்குப் பதிலா எண்ணெயிலயே மூச்சு விடக் கத்துக்கொடுக்கணும்."

முதலில் நிரூபிக்க வேண்டும். அன்று சாயங்காலம் கிருஷ்ணப்பனிடம் சந்தனம் கேட்டேன். குழைத்துக் கொடுத்துவிட்டு, "நீங்களே வைங்க மேடம். நா வெச்சா கலீஜு" என்றார். எனக்கு வேண்டியதுதான். நானே வைத்தேன். அந்த நேரம் பார்த்து இசக்கிப்பாண்டி சார் உள்ளே வந்தார். "சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை எஞ்சினுக்குப் பொட்டு வைக்கறதை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். கிருஷ்ணப்பன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

மூடியை மாட்டி, எண்ணெய் நிரம்ப ஒரு தடவை ஓட்டி நிறுத்தினோம். புதன்கிழமை சத்தம் இல்லை. அன்றே படத்தைத் திருத்தினேன். வெளித் துளை கிடையாது. ஊசியின் முதுகை, எப்போதும் எண்ணெய் தேங்கி நிற்கும் உள் துவாரத்தோடு இணைத்தேன். டூல் ரூம் ஆட்கள் முறைத்துக்கொண்டே வியாழன் சாயங்காலத்துக்குள் செய்துகொடுத்தார்கள். மாட்டி ஓட்டினோம். சூட்டில் ஊசி சிக்கவில்லை. ஆறின எஞ்சினில் என்ன ஆகும் என்பது வெள்ளிக்கிழமை, வந்தவர்கள் முன்னால்தான் தெரியும்.

கார் கம்பெனியிலிருந்து வந்த ஜெரினா, ஸ்டார்ட் செய்யுமுன் புறங்கையை எஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார். திருட்டுத்தனமாகச் சூடாக்கியிருக்கிறோமா என்று சோதிக்கிறாராம். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

கிருஷ்ணப்பன் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் ஒரு செருமல்கூட இல்லாமல் ஓடத் தொடங்கியது. இரண்டு நொடி, மூன்று, பத்து. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க" என்றார் ஜெரினா.

"நாளைக்குத்தான் மேடம் முடியும். எஞ்சின் ஆறணும்" என்றேன். அவரும் சிரித்தார்.

கையெழுத்துப் போடப் படத்தை விரித்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். "துளையைத்தான் எடுத்துட்டீங்களே. அதே இடத்துல இந்த வட்டப் பள்ளம் எதுக்கு? அரை மில்லி ஆழம். இதுக்கு என்ன வேலைன்னு படத்துல எதுவும் போடலையே."

எடை சமநிலை என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "அது கிருஷ்ணப்பன் அண்ணனோட இடம். தப்பு அந்தத் துளையிலதான்னு காட்டினது அவர் வெச்ச பொட்டுதான். அதுக்கு நான் அவரைத் திட்டினேன். இனிமே அவர் அங்கயே வைக்கலாம், ஒண்ணும் அடையாது" என்றேன். இசக்கிப்பாண்டி சார் இருமினார்.

ஜெரினா என்னைப் பார்த்தார், கிருஷ்ணப்பனைப் பார்த்தார். "அரை மில்லியில சந்தனம் நிக்காது" என்று சொல்லி, அதை அடித்து ஒரு மில்லி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிருஷ்ணப்பன் சுவரில் இருந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம் தொக்கு டப்பா என் பக்கம் வந்தது. முழு டப்பாவும்.