சும்மா உருண்ட முன்சக்கரங்கள்

மாட்டு டாக்டருக்கு அந்தப் பழைய ஜீப் வண்டியின் மேல் இருந்த நம்பிக்கை, சிலருக்குக் கட்டினவர் மேல்கூட இருக்காது. மாமனார் பல காலம் ஓட்டிவிட்டு அவள் கையில் சாவியைக் கொடுத்த வண்டி அது. மேட்டுப் பண்ணையில் கன்று போட முடியாமல் மாடு தவிக்கிறது என்று போன் வந்தால் மழையா வெயிலா என்று பார்க்கமாட்டாள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வைக்கும் சின்ன லீவரைத் தள்ளுவாள், பச்சை விளக்கு எரியும், கிளம்பிவிடுவாள்.

போன வாரம் ஒரு பண்ணை வாசலில், கணுக்கால் அளவுச் சேற்றில், வண்டி உட்கார்ந்துகொண்டது. டிராக்டர் கட்டித்தான் இழுத்தார்கள். பண்ணைக்காரர் சிரிப்பை அடக்குவது அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது.

கொழுந்தன் வெளியூரில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, வீட்டை ஒட்டி இப்போதுதான் சொந்தப் பட்டறை போட்டிருந்தான். அவனிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"லீவர் விழுதா அண்ணி?"

"விழுது தம்பி. லைட்டும் எரியுது."

பட்டறை ஓரத்து மணல் குவியலில் ஏற்றச் சொன்னான். பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் இருந்தன.

முன்சக்கரங்களை அச்சோடு இணைக்க அவற்றின் நடுவிலிருந்த பூட்டைக் கையால் திருகிப் பார்த்தான். அதில் குறை இல்லை. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்து வண்டியைக் கியரில் போட்டுவிட்டுக் கையால் சுற்றினான். அசையவே கூடாத சக்கரம் காற்றாடியாய்ச் சுற்றியது.

"லைட்டை நம்பாதீங்க அண்ணி. லீவர் நகர்ந்தா அது எரியும். சக்கரம் இழுக்குதா இல்லையான்னு அதுக்கென்ன தெரியும்?" என்று பேசிக்கொண்டே டார்ச்சுடன் வண்டிக்கடியில் நுழைந்தான்.

உள்ளிருந்து "அட!" என்று சத்தம் வந்தது.

"என்ன தம்பி?"

"நீங்களே வந்து பாருங்க."

சாக்கை விரித்து அவளும் உள்ளே நகர்ந்தாள். கியர்பெட்டியிலிருந்து முன் அச்சைச் சுழற்ற வேண்டிய, கை தடிமனுள்ள இரும்புத் தண்டு, அந்த ஷாஃப்ட், அங்கே இல்லை. இரண்டு முனையிலும் போல்ட் ஓட்டைகளில் சேறு அடைத்துக் கல்லாகியிருந்தது.

"இது கழட்டிப் பல வருஷம் ஆச்சு. பின்சக்கரம் ரெண்டை மட்டும் வெச்சுத்தான் இவ்வளவு நாளும் ஓட்டியிருக்கீங்க."

வெளியே வந்தவள் சாக்கிலேயே உட்கார்ந்தாள். ஓடை கண்முன் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன், கொழுந்தன் வெளியூரில் இருந்தபோது, அவன் மனைவிக்கு வலி எடுத்தது. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம். ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. இவள்தான் வண்டியை எடுத்தாள். "பயப்படாதே, நாலு சக்கரமும் இழுக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியபடி தண்ணீரில் இறக்கினாள். நடுவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கி ஓரத்துக்குப் போனது. நாலு சக்கரமும் இழுக்கிறதே என்ற தைரியத்தில் அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கொழுந்தன் வண்டிக்கடியிலேயே கிடந்தான். டார்ச் வெளிச்சம் அந்த வெற்றிடத்தைவிட்டு நகரவில்லை. அவன் மனசும் அந்த ஓடையில்தான் இருந்தது என்பது அவளுக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார். ஷாஃப்ட்டைக் காணோம் என்றாள் அவரிடம்.

"ஷாஃப்டா? அதை நான்தான் கழட்டினேன்" என்றார், கதவைச் சாத்தியது யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "ஜாயின்ட் உடைஞ்சு அடியில அடிச்சுது. சரிபண்ணி மாட்டலாம்னு எடுத்து வெச்சேன். அதுக்குள்ள வண்டி உன் கைக்கு வந்துடுச்சு. சொல்லணும்னு நினைப்பேன், தள்ளித் தள்ளிப் போயிடுச்சும்மா."

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அன்று பின்சீட்டில் சின்ன மருமகளைத் தாங்கிப் பிடித்திருந்தது இவர்தான்.

"மாமா, அன்னிக்கு ஓடையில உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"வாயே திறக்கலையே."

"சொல்லியிருந்தா நீ தண்ணியில இறக்கியிருப்பியா? இந்தக் கரையிலயே ரெண்டு உசுரும் போயிருக்கும். நீ பயப்படாம ஓட்டினா தாண்டிடும்னு தோணுச்சு." அவர் குரல் இறங்கியது. "தாண்டலைன்னா என்னன்னு நான் நினைக்காம இல்லம்மா."

கொழுந்தன் வெளியே வந்தான். அப்பாவைப் பார்க்காமல் வீட்டு வாசல்வரை போனான். உள்ளே அவன் மனைவி பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அது நெளிந்து நெளிந்து ஓடப் பார்த்தது. கிரீஸ் கையோடு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். திரும்பி வந்து, "எங்கே வெச்சிருக்கீங்க அதை?" என்று மட்டும் கேட்டான்.

சாமான் அறை மூலையில், காலி மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. புது ஜாயின்ட் போட்டு மாட்டினான். மணல் குவியலில் ஏற்றிப் பார்த்தாள். ஸ்டியரிங் இறுகியது, யாரோ முன்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல வண்டி ஏறியது. இந்த இழுப்பை இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் உணர்ந்ததில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமனாரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று விளங்கவில்லை. சில நாள் இரண்டும் செய்யவில்லை.

அடுத்த மழையில் மேட்டுப் பண்ணையிலிருந்து போன் வந்தது. தரைப்பாலத்தில் தண்ணீர் மெலிதாகத்தான் ஓடியது. லீவரைத் தள்ளினாள், விளக்கு எரிந்தது. இப்போது நாலும் இழுக்கும் என்று தெரிந்தும், அன்று பின்பக்கம் வழுக்கியதே கண்முன் நின்றது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மலையைச் சுற்றிப் போகும் சாலையில் திருப்பினாள்.

"என்ன டாக்டரம்மா இவ்வளவு நேரம்?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

"சுத்தி வந்தேன்" என்றபடி அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மாட்டின் அருகே உட்கார்ந்தாள்.