மூக்கரின் பிரிட்ஜ்

மூக்கர் என்பது பட்டப்பெயர். உணவு விடுதியில் ஒயின் பாட்டில்களுக்குப் பொறுப்பானவர் அவர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினால், அது எந்த மரப் பீப்பாயில் கிடந்தது என்று சொல்லிவிடுவாராம். அதே விடுதியில் மேசைகளைக் கவனித்துக்கொள்ளும் தன் மனைவி சொல்லித்தான் பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு இது தெரியும்.

"ஈர மண் வாசம்னாரு. நானும் மோந்து பாத்தேன். அட, நெஜமாவே ஈர மண்ணு!" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து சோப்பு, மழை, புதுச் செருப்பு என்று எது எதிரே வந்தாலும் அவள் மூக்கு ஒரு கணம் நின்று யோசிப்பதாக அவனுக்குப் பட்டது. கம்ப்ரஸர் ஆயில் நாறும் தன் சட்டையைக் கழற்றி, அழுக்குக் கூடையின் அடியில் திணிக்க ஆரம்பித்தான். கேட்டால் சண்டையாகும். கேட்காமல் இருந்தான். கேட்காமல் இருக்க இருக்கச் சந்தேகம் உள்ளே வளர்ந்தது.

அப்படி இருந்தபோதுதான் விடுதியின் முதலாளியம்மாவே அவனைக் கூப்பிட்டனுப்பினார். விடுமுறைக்குப் பிறகு கடையைத் திறந்தால், ஒயின் பிரிட்ஜுக்குள் பாட்டில்கள் எல்லாம் சூடாகிக் கிடக்கின்றன. தக்கைகள் மேலே தள்ளிக்கொண்டு, சிலவற்றில் ஒயின் கசிந்து தட்டெல்லாம் சிவந்திருக்கிறது. வந்து பார்க்க வேண்டும்.

முற்பகல் வெயிலில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். விடுதி இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேசைகள்மேல் கவிழ்ந்திருந்தன. பிரிட்ஜ் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். இடுப்பில் கை வைத்தபடி முதலாளியம்மா. கையில் துடைக்கும் துணியோடு அவன் மனைவி. மூன்றாவது ஆள்தான் மூக்கர் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டான். உயரமாக, ஜம்மென்று ஒருவனைத்தான் இத்தனை நாளும் மனத்தில் வளர்த்து வைத்திருந்தான். இங்கே நின்றவர் ஒல்லியாக, தோள் கூனி, முன்மண்டை வழுக்கையாக இருந்தார். மூக்குகூடச் சாதாரண மூக்குதான். அழகனாக இருந்திருந்தால் அதுதான் காரணம் என்று ஆறுதலடைந்திருக்கலாம். இவரிடம் இவள் எதைக் கண்டாள்?

"பாருங்க தம்பி," என்றார் முதலாளியம்மா. "பன்னெண்டு டிகிரி காட்டுது. சமத்தா ஓடுது. மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கடைசியா பூட்டிட்டுப் போனவரு இவரு. பிளக்கப் புடுங்கிட்டு வேற எதையோ சொருகியிருக்காரு. வந்ததும் திரும்ப மாட்டிட்டாரு. கேட்டா, இல்லவே இல்லன்னு சாதிக்கிறாரு."

"நான் பிளக்கத் தொடவே இல்லம்மா. காலையில தொறந்தப்பவும் பன்னெண்டுன்னுதான் காட்டுச்சு. உள்ள கைய வச்சா கொதிக்குது. கதவத் தொறந்து பாட்டிலெல்லாம் எடுத்து வச்ச அப்புறம், அதுவா ஓட ஆரம்பிச்சுது," என்றார் மூக்கர்.

"அப்ப மிஷின் பொய் சொல்லுதுங்கிறீங்க?"

"எனக்குத் தெரியலம்மா."

"இவருக்குத் தெரியும்." முதலாளியம்மா மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "மிஷின் நல்லாருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். இவர இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினான். மூக்கர் வீட்டுக்குப் போவதை ஒருமுறை மனத்துக்குள் பார்த்துக்கொண்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பின்பக்கத்து மூடியைக் கழற்றினான். உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறது என்று பிரிட்ஜுக்குச் சொல்வது சென்சார். வயர் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு மணி. குளிரக் குளிர அதன் மின்தடை எண் ஏறும். எண் பொய்யாக ஏறினால், உள்ளே குளிர்ந்துவிட்டது என்று நம்பிக் கம்ப்ரஸர் படுத்துவிடும். திரையும் அதே பொய்யைத்தான் காட்டும். ஐஸ் தண்ணீரில் அந்த மணியை முக்கினால் மீட்டரில் முப்பத்திரண்டு கிலோ ஓம் வர வேண்டும். வந்தால் சென்சார் நல்லது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

வயரைக் கழற்றி மீட்டரோடு இணைத்து, மணியை ஐஸ் தண்ணீரில் முக்கினான். இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொள்ளும் என்பதால் மீட்டரை யாராவது படிக்க வேண்டும்.

"நான் படிக்கிறேன்," என்று அவன் மனைவி முன்னால் வந்தாள். வீட்டில் அவன் பழைய போர்டுகளைப் பிரித்துப்போட்டு உட்காரும்போதெல்லாம் மீட்டரைப் படிப்பவள் அவள்தான். இருந்தாலும் இன்று அவளாக முந்திக்கொண்டு வந்தது அவனுக்குச் சுருக்கென்றது. யாருக்காக இந்த அவசரம்?

"முப்பத்திரண்டு," என்றாள்.

மூக்கரின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது. முதலாளியம்மா "ம்" கொட்டினார்.

மெக்கானிக் வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். அடித்தட்டு ஓடும் தண்டவாளத்துக்குக் கீழே வயர் நசுங்கிப் போயிருந்தது.

"இந்தத் தட்ட அடிக்கடி இழுப்பீங்களோ?"

"அது சரியான இறுக்கம்ங்க," என்றாள் மனைவி. "ஒத்த ஆளால முடியாது. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் இழுப்போம்."

நாங்க ரெண்டு பேரும். அவன் அந்த மூன்று சொற்களையும் வாய்க்குள் போட்டு மென்றான். ஒரே தட்டில் நான்கு கைகள். இழுத்து முடித்ததும் சிரித்திருப்பார்கள். பிறகு ஒரு பாட்டிலை எடுத்து, ஈர மண்ணோ காய்ந்த மண்ணோ, இரண்டு பேரும் மாறி மாறி மோந்திருப்பார்கள்.

அப்போதுதான் அது விரலில் தட்டுப்பட்டது. நசுங்கிய இடத்தில் வயர் துவண்டது. மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அசைக்காமல் விட்டால் முப்பத்திரண்டு. கொஞ்சம் வளைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கை அங்கேயே நின்றது.

பொய்கூடச் சொல்ல வேண்டாம். கையை எடுத்துவிட்டு, மூடியைப் போட்டு, சென்சார் நல்லாத்தான் இருக்கு என்றால் அதுவும் உண்மைதான். வயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்த ஆள் நாளை முதல் இங்கே இருக்கமாட்டார். வீட்டில் வாசனைப் பேச்சும் இருக்காது.

எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பவும் முப்பத்திரண்டுதான்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

அந்த எண் மூக்கரின் வேலைக்கு உலை வைக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மீட்டர் அவள் பக்கம் திரும்பியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. நாற்பது என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடியே படித்தாள். பழைய போர்டு ஒன்று பிழைத்துவிடாதா என்று அவன் ஏங்கி உட்கார்ந்திருந்த நாட்களிலும் இப்படித்தான், "இல்லங்க, செத்துருச்சு" என்று படித்திருக்கிறாள்.

அவன் வயரை வளைத்தான்.

"நாப்பது... அறுவது... ஐயோ, ஓடுதுங்க! தொண்ணூறு... இப்ப எண்ணே வரல."

"வயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு," என்றான் அவன். சொந்தக் குரலே தூரத்தில் கேட்டது. "கம்பெனியில பூட்டும்போதே தண்டவாளத்துக்கு அடியில விட்டுட்டாங்க. தட்டு அசையுறப்ப எண்ணு ஏறும், இறங்கும். விடுமுறை பூரா இது குளிரு குளிருன்னு பொய் சொல்லிட்டே இருந்திருக்கு. இவரு மேல தப்பு இல்ல."

முதலாளியம்மா நம்பவில்லை. அவன் வயரைப் பிரிட்ஜிலேயே திரும்ப மாட்டி, மணியைத் தண்ணீரிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் தொங்கவிட்டு, வயரை வளைத்துக் காட்டினான். வியர்த்துக் கொட்டும் அறையில் திரை பன்னிரண்டு டிகிரி என்றது. முதலாளியம்மா அதைக் குனிந்து பார்த்தார். "சரி, சரி. எல்லாரும் வேலையப் பாருங்க," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூக்கர் ஒரு காலிப் பெட்டியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அவன் மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மெக்கானிக் அதையும் பார்த்தான்.

வாசல்வரை வழியனுப்ப வந்தாள்.

"உங்க கை கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சே," என்றாள். "எனக்கு மூச்சே நின்னுபோச்சு."

"பாத்துட்டியா?"

"மீட்டர மட்டுந்தான் பாப்பேன்னு நெனச்சீங்களா?"

அவன் தெருவைப் பார்த்தான். "யாருக்காக மூச்சு நின்னுச்சு?"

"லூசா நீங்க?" என்றாள். ஒரு வண்டி போயிற்று. இன்னொன்று போயிற்று. "அவருக்கு வேல போயிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். அது தீந்துரும். நீங்க தெரிஞ்சே விட்டிருந்தா, அப்புறம் உங்க கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பேனா?"

"அவர ரொம்பப் புடிக்குமோ?"

"புடிக்கும்," என்றாள், மழுப்பாமல். "எதையாவது சுவாரசியமா சொல்லிட்டே இருப்பாரு. வீட்ல நீங்க வாயத் தொறந்தா முத்தா உதிருது?"

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மூக்கர் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். எரிச்சல் குறையவில்லை.

பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். சாயங்காலம் அவள் வந்ததும் தானாக ஏதாவது பேச வேண்டும். இன்று பார்த்த வேலையைப் பற்றியே தொடங்கலாம். ஆனால் அது அவளுக்குத் தெரிந்ததுதானே. வேறு என்ன இருக்கிறது சொல்ல? உதட்டை ஓசையில்லாமல் அசைத்துப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவன் இன்னும் முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தான்.