விட்டுப்போன மூன்று வரிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குண்டு வைக்கவில்லை. எனக்கு டியூப்லைட் மாட்டவே தெரியாது. ஆனால் 1986-இல் முப்பத்து நான்கு நாட்கள், குண்டு வைத்தவனைப் போலத்தான் நடுங்கிக்கொண்டு திரிந்தேன்.

என் பெயர் இயேசுதாசன். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஓர் அரசுத் துறையில் மொழிபெயர்ப்பாளன். தமிழில் வரும் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் எழுதித் தருவேன். நாடாளுமன்றம் கூடும் நாட்களில் அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, அமைச்சர் ஆங்கிலத்தில் பேசப் பேசத் தமிழில் சொல்வேன். காதில் கருவி மாட்டியவர்களுக்கு என் குரல் கேட்கும். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அந்த வியாழக்கிழமை, வயிறு சரியில்லை என்று டாக்டரிடம் புளுகி ஒருநாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, வாங்கினேன். வாங்கிய கையோடு, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய் மட்டன் பிரியாணி சாப்பிடுவது என் திட்டம். வயிற்றுக்கோளாறுக்காரன் தின்கிற சாப்பாடா அது? புத்தி அப்படித்தான் போயிற்று.

வழக்கமாகச் சாப்பிடும் கடையில் நல்ல கூட்டம். ஓரத்து மேசை மட்டும் காலி. அதன்மேல் ஒரு நீலப் பை. நம் ஊரில் இதைச் 'சோப்' பண்ணுவது என்போம். பையோ குடையோ வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால் அந்த மேசை வைத்தவருடையது. பிரதமரே வந்தாலும் உட்கார முடியாது. எனக்கோ பசி. நாற்காலியை இழுத்தேன்.

டீ ஆற்றும் முகைதீன் ஓடி வந்தான். "சார், சார்! ஆள் இருக்கு லா. பை இருக்குல்ல?"

"யாருய்யா ஆளு? நானும் பார்க்கிறேன், பத்து நிமிஷமா ஒருத்தனையும் காணோம்."

"சோப் பண்ணிட்டுப் போயிருக்காங்க சார். வேற டேபிள் பாருங்க."

"உன் கடையும் வேணாம், பிரியாணியும் வேணாம், போ!"

கோபித்துக்கொண்டு அடுத்த தெருவில் சைவக் கடைக்குப் போனேன். தோசை வருவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஆறு பேருக்குக் காயம். பாத்திரம் கழுவும் முத்தாயிக்கு ஒரு கண் போய்விட்டது. வெடித்தது அந்த நீலப் பை. பால் எடுக்க உள்ளே போயிருந்த முகைதீனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே அவனுக்கு வினையாயிற்று. பைக்குக் காவல் நின்று வந்தவர்களையெல்லாம் விரட்டினான், வெடிக்கும் நேரத்தில் உள்ளே போய்விட்டான் என்று அன்று மாலையே எங்கள் துறை ஆட்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை அவனுடைய வாக்குமூலம் என் மேசைக்கே வந்தது. அதில் மூன்று வரி இப்படி இருந்தது: 'கவர்மெண்டு சார் ஒருத்தர் எப்பவும் வருவார். கொஞ்சம் சிடுமூஞ்சி. அன்னைக்கும் அந்த மேசையைக் கேட்டார், நான் குடுக்கல. சோப் பண்ணின மேசையை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும், அவரைக் கேளுங்க.'

சிடுமூஞ்சியாம்! உயிர் போகிற பயத்திலும் எனக்கு அதுதான் முதலில் சுருக்கென்றது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பவன், பொய் எம்.சி. எடுத்த நாளில், குண்டு இருந்த மேசையருகே நின்று சண்டை போட்டிருக்கிறான். யார் நம்புவார்கள்? வேலையும் போகும், பென்ஷனும் போகும், நானும் உள்ளே போவேன். மூன்று வரியையும் விட்டுவிட்டு மீதியைத் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் அதிகாரி எட்மண்ட் தினமும் என் மேசைப் பக்கம் வந்து, "வயிறு எப்படி மிஸ்டர் தாஸ்?" என்று சிரிப்பார். ஒருநாள் கேட்டால் அக்கறை. இருபது நாள் கேட்டால்? ஆங் மோ கியோவில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒருவன் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டாமலே உட்கார்ந்திருந்தான். என் மேசை இழுப்பறையில் காகிதங்கள் இடம் மாறிக் கிடந்தன. நான்தான் மாற்றினேனா? சத்தியமாக எனக்கு நினைவில்லை. மாதாகோயிலில் பக்கத்தில் முழங்காலிட்டவனைக்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

முப்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு பெண். முகைதீனின் மனைவி ஜைனப். கடையில் விசாரித்து விலாசம் வாங்கி வந்திருந்தாள். நான் இரும்புக் கதவைத் திறக்கவில்லை.

"அண்ணே, நேத்துத்தான் அவரைப் பார்க்க விட்டாங்க. பாதியா இளைச்சுட்டாரு. அந்த சாரைக் கேட்டா எல்லாம் தெரியும்னு அழுறாரு. நாளைக்கு பார்லிமெண்ட்ல இதைக் கேக்குறாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே."

"நான் அன்னைக்கு அங்க வரவே இல்லம்மா. வயிறு சரியில்லாம வீட்டுல படுத்திருந்தேன்."

கம்பியைப் பிடித்தபடி அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தாள்.

திரும்பினால் அல்போன்சம்மாள், என் மனைவி, கரண்டியோடு நிற்கிறாள். "வீட்டுல படுத்திருந்தீங்களா? அன்னைக்கு நான்தான் வீட்டுல இருந்தேன். நல்லா இருக்குங்க. ஞாயிற்றுக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நற்கருணை வாங்குவீங்க?" அன்றிரவு அவள் எனக்குச் சோறு போடவில்லை. போட்டிருந்தாலும் இறங்கியிருக்காது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எட்மண்டின் அறைக்குள் போனேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். எம்.சி., பிரியாணி, சண்டை, மூன்று வரி. அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் முடித்ததும் ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அதே வாக்குமூலம். வேறு யாரோ செய்த மொழிபெயர்ப்பு. நான் விட்ட மூன்று வரிகளும் அதில் இருந்தன, சிடுமூஞ்சி உட்பட.

"ரெண்டாவது நாளே தெரியும் மிஸ்டர் தாஸ். கடையில எல்லாருக்கும் உங்களைத் தெரியும்."

"அப்போ என்னைக் கேட்டிருக்கலாமே சார்!"

"கேட்டா நீங்க ஒரு கதை சொல்வீங்க. அதான் ஸ்டேட்மெண்டையே உங்ககிட்ட குடுத்தோம். என்ன பண்றீங்கன்னு பார்த்தோம். கரெக்டா அந்த மூணு வரியை எடுத்தீங்க. ரெண்டு பேரும் கூட்டுன்னு நினைக்காம நாங்க வேற என்ன நினைக்கிறது? நீங்க வாயைத் திறக்கிற வரைக்கும் அவனை எப்படி விடறது?"

முகைதீன் உள்ளே இருந்தது பையினால் அல்ல, என்னால்தான். பாவி, நான்தான் அவனைப் பூட்டி வைத்திருந்தேன்.

எட்மண்ட் தட்டச்சரைக் கூப்பிட்டு, அமைச்சரின் பதிலில் கடைசிப் பத்தியை மாற்றச் சொன்னார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க வேலையைப் பத்தி நாளைக்குப் பேசலாம். இன்னைக்கு பூத்துக்கு வேற ஆள் இல்லை. போங்க."

இரண்டரை மணிக்கு நாடாளுமன்றத்தில் என் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தேன். பார்வையாளர் வரிசையில் ஜைனப் உட்கார்ந்திருந்தாள், காதில் கருவியோடு. அமைச்சர் வாசித்தார். நான் சொன்னேன். பிடித்து வைக்கப்பட்ட தேநீர்க் கடை ஊழியர் குற்றமற்றவர், இன்று காலை விடுவிக்கப்பட்டார், அவருக்குச் சாட்சியான அரசு ஊழியர் ஒருவர் இதுவரை உண்மையை மறைத்துவிட்டார்.

என் குரல் காதில் விழுந்ததும் ஜைனப் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

ஓர் உறுப்பினர் எழுந்தார். அந்தச் சாட்சியைத் துறையே ஏன் அழைத்துக் கேட்கவில்லை என்றார். பாதுகாப்புக் காரணங்களால் அதை விளக்க இயலாது என்றார் அமைச்சர். அதையும் சொன்னேன்.

உறுப்பினர் விடவில்லை. அந்த ஊழியர் முதல் நாளே வந்து சொல்லியிருந்தால்?

அமைச்சர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபை எனக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருந்தது அவள் ஒருத்திதான், கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி. ஒலிவாங்கியை நெருங்கி அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்."