கையை விடவே இல்லை

அத்தானை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. போய்ச் சேர்ந்த மனிதர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அந்த உரிமையில் திட்டுகிறேன்.

என் அக்காவை அவர் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார் என்பது தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்ன பேச்சு. பொய் இல்லை. பல்பு போனால், அக்கா சுவிட்சை இன்னொரு முறை தட்டிப் பார்ப்பதற்குள் புது பல்பு எரியும். அவள் போன் மக்கர் பண்ணினால் வாங்கி, நாலு தட்டுத் தட்டி, சரிசெய்து கையில் கொடுத்துவிடுவார். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? நான் இருக்கேன்ல." கரண்ட் பில், வங்கிக் கணக்கு, டாக்சி கூப்பிடுவது எல்லாம் அவர் போனில். அந்தப் போனோ அவர் விரலுக்கு மட்டும் திறக்கும். காருக்குக் காற்று, ஆயில், தண்ணீர் எல்லாமே அவர் கைதான். அக்காவுக்கு நன்றாக ஓட்டத் தெரியும், கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள். ஆனால் அவள் வண்டி எடுக்கும் நாட்களில்கூட, அவர் பால்கனியில் நின்று ரிமோட்டை அமுக்கிக் கதவைத் திறந்துவிட்டு, பிறகுதான் அதை மேலிருந்து போடுவார். அவள் கேட்ச் பிடிப்பாள். அந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்ட ஒரே தொழில்நுட்பம் அந்த கேட்ச்தான் என்று நான் கிண்டல் செய்வேன்.

இத்தனைக்கும் அவர் பொறுமையில்லாதவர் கிடையாது. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிற முன்பின் தெரியாத ஆட்களுக்குப் போனிலேயே நிதானமாக வழி சொல்லுவார். எந்தப் பொத்தானை அழுத்துவது, எங்கே கை வைக்கக் கூடாது என்று, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லுவார். வீட்டில் மட்டும் வாய் திறக்க மாட்டார். என் அக்கா ஒன்றும் மக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனுக்கும் புரிகிறவரை சாக்பீஸைக் கீழே வைக்க மாட்டாள். அவளுக்குச் சொல்லித்தர அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். தன்னை அவள் தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் இல்லாத வீடு, இருவருக்கும் அது ஒரு விளையாட்டு.

ஒருநாள் காரில் போகும்போது முன்னால் இருக்கும் திரையில் சாவி மாதிரி ஒரு சின்னப் படம் வந்து மினுங்கியதாம். அது என்னவென்று அக்கா கேட்டாள். "ரிமோட்ல பேட்டரி தீரப்போகுது, நான் பாத்துக்கறேன்" என்றார். லிஃப்ட் வேலையில் அலைந்தவர் அதை மறந்துபோனார்.

அந்த மழை நாளில் அக்கா எனக்குப் போன் செய்தபோது அவள் குரலே அவள் குரலாக இல்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதாம், சுற்றிக்கொண்டுதான் வரமுடியுமாம். அக்கா நல்ல முடிவுதான் எடுத்தாள். தானே காரில் கொண்டுபோய்விடலாம் என்று, மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அத்தானை நாற்காலியோடு தூக்கிக் கீழே கார் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். ரிமோட்டை அமுக்கினாள். கார் கண்ணைத் திறக்கவில்லை.

மறுபடி மறுபடி அமுக்கினாள். கதவோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினாள், துடைத்துவிட்டு அமுக்கினாள். மாடி வீட்டுக்காரர் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் பைக் வைத்திருப்பவர், கார் சங்கதி அவருக்கும் தெரியாது. கண்ணாடியை உடைத்தால் மட்டும் வண்டி கிளம்பிவிடுமா என்று அவரே கேட்டுவிட்டு, ஏதாவது வண்டி கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று மழையில் தெருவுக்கு ஓடினார். மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நாற்காலியில் வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தார்.

நான் ஸ்கூட்டரில் தெப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் அப்போதுதான் உள்ளே திரும்பியது. நான் பார்த்தது இதுதான். அக்கா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அத்தான் தன் இடது கையால் அவள் கையைப் பிடித்திருக்கிறார். அந்தக் கைக்குள் ரிமோட். அவர் கட்டைவிரல் அவள் கட்டைவிரலை அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. கண்களோ அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம். அக்கா இன்னொரு கையால் அவர் கையைத் தடவிக்கொடுத்து, "ஒண்ணும் ஆகாதுங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் அந்தக் கையைப் பிரித்துத்தான் அவரைத் தூக்கினார்கள்.

அவர் பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பயன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். "கடைசி வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். விடவே இல்ல." வெளி இடத்தில் அவள் தோளில் கைகூடப் போடாத கூச்சக்காரர், நாலு பேர் பார்க்க அப்படிப் பிடித்தார் என்று சொல்லும்போது அந்த அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். அவள் கட்டைவிரலில் அவர் நகம் பதிந்து ஒரு சின்னக் காயம் இருந்தது. அதற்கு மருந்து போட விடமாட்டேன் என்றாள். ஆறிவிடுமே என்று பயம். டாக்டர் பாதியில் விட்ட வாக்கியம் ஒரு பக்கம் அவளை அரித்தது, அந்தக் கை ஒரு பக்கம் அவளைத் தாங்கிப் பிடித்தது. அதை மட்டும் யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

கார் நின்ற இடத்திலேயே நின்றது. அக்கா மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அவள் இல்லாத நேரத்தில் நான் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் ரிமோட்டை வாங்கினார். அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். ரிமோட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு இரும்புச் சாவி வெளியே வந்தது. கதவுக் கைப்பிடியில் இருந்த மூடியை நெம்பி எடுத்து, அதற்கடியில் இருந்த துவாரத்தில் அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது. உள்ளே உட்கார்ந்து, செத்த ரிமோட்டையே ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டவைத்து அழுத்தினார். வண்டி கிளம்பிவிட்டது.

"இந்த மாதிரி வண்டில இது எப்பவும் இருக்குங்க. யாரும் கேக்கறதில்ல" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அவர் புது பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அந்த ரிமோட்டை என் கையில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே அந்தப் பொத்தான். அத்தான் அழுத்திய இடம். அவர் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவள் விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். இங்கே அழுத்து, இங்கே அழுத்து என்று, வாய் இல்லாமல், ஒற்றைக் கையால், தன் உயிருக்காக. அவளோ அந்தக் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காரின் உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு அழுதேன். அழுது முடிந்ததும் என் முதல் யோசனை, இது அவளுக்குத் தெரியவே கூடாது என்பதுதான்.

சாயங்காலம் அக்காவிடம் வாய் கூசாமல் புளுகினேன். காருக்குள் ஏதோ கம்ப்யூட்டர் கோளாறாம், அன்றைக்கு எந்தக் கொம்பனாலும் திறந்திருக்க முடியாதாம் என்றேன். அவள் பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள்.

"அப்ப என் தப்பு இல்லையா?"

"இல்லக்கா."

அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். சந்தோஷப்பட்டேன், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் சாப்பிட்ட தெம்பில் அவள் இன்னொன்று சொன்னாள். இனி எதற்கும் யார் வாசலிலும் போய் நிற்கப் போவதில்லை, போன், பில், கார் எல்லாவற்றையும் தானே கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். கார் என்றதும் எனக்கு அந்தப் பொத்தான்தான் நினைவுக்கு வந்தது. கார் எதற்கு, விற்றுவிடலாம், உனக்கு எங்கே போக வேண்டுமோ சொல்லு, "நான் இருக்கேன்ல" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயும் அதையே சொல்லாத" என்றாள்.

அதன் பிறகு நான் எப்படித் தடுப்பது. மறுநாளே கடைக்குப் போய் அந்த ரிமோட்டுக்கு ஒரு ரப்பர் உறை வாங்கினேன். தடித்த உறை, இழுத்து மாட்டினால் பக்கவாட்டில் இருக்கும் எதுவும் தெரியாது. மழை பட்டால் கெட்டுவிடுமாம் என்று சொல்லி மாட்டிக் கொடுத்தேன். அத்தானுடைய அலுவலக மேஜையிலிருந்து மாற்று ரிமோட் வந்து சேர்ந்ததும் அதற்கும் ஒன்று. எனக்கு அக்கறை அதிகம் என்று அக்கா கேலி செய்தாள்.

அவள் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், இத்தனை வருஷம் எல்லாவற்றையும் உள்ளே அடக்கி வைத்திருந்தாள் போல. பரீட்சைக்குப் படிப்பது மாதிரி வீடியோ பார்த்தாள். பில் கட்டினாள். இன்டர்நெட் நின்றுபோனால் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். டயரில் காற்று பார்த்தாள், ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தெர்மாமீட்டர் பார்க்கும் நர்ஸ் மாதிரி நின்றாள். ஸ்டெப்னி மாட்டிப் பழகியபோது புடவையெல்லாம் கிரீஸ். அத்தானின் போனை மட்டும் அவளால் திறக்க முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்ட படங்கள் முழுக்க அதற்குள்தான். அதை அவ்வப்போது சார்ஜ் போட்டு வைப்பாள்.

நான் போகும்போதெல்லாம் முதலில் அந்த உறையைத்தான் பார்ப்பேன். இருக்கும். மூச்சு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பழைய துணி விரித்து, அதன்மேல் காசு மாதிரி ஒரு புது பேட்டரி. பக்கத்தில் உரித்துப் போட்ட ரப்பர் உறை. மாற்று ரிமோட்டில் இருந்த பேட்டரி பழசாம், திரையில் அந்தச் சாவிப் படம் மறுபடி மினுங்கியதாம். இந்த முறை தானே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒன்றுமே இல்லை.

"உக்காரு. கையக் கொடு" என்றாள்.

கொடுத்தேன். ரிமோட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். தன் இடது கையால் என் கையை மூடிப் பிடித்தாள். என் கட்டைவிரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தி, அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். இரும்புச் சாவி எங்கள் இரண்டு பேர் கைக்குள்ளும் வந்து விழுந்தது.

"இப்படித்தான் பண்ணினார்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த உறையை ஏன் வாங்கினேன் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்திலேயே பதில் இருந்திருக்கும். அவளுக்கு என்மேல் கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எதையும் சொல்லிக் கொடுக்காத மனுஷன். முதல் தடவையா ஒண்ணு சொல்லிக் கொடுத்தார். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தார் பாரு. நான்தான் கவனிக்கல."

அவள் அழுதாள். அவர் போனபோது அழுத அழுகை இல்லை இது. கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லாமல் அழுதாள். காயம் இருந்த கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன். பிடித்துத் தடவிக்கொடுக்கவும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சாவியை எடுத்து ரிமோட்டுக்குள் தள்ளி மூடினாள். அதை என் முன்னால் வைத்தாள்.

"இப்ப நீயே பண்ணு."

எனக்குக் கண் மறைத்தது. விரல் வழுக்கி வேறெங்கோ அழுத்தியது. அக்கா கைநீட்டி உதவவில்லை. வகுப்பில் நிற்பது போல, எனக்கு வருகிறவரை காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.