கேட்காமல் சொன்ன சம்மதம்

ஆன்டனி அதை மேசையில் வைத்தபோது சிகரெட் லைட்டர் என்றுதான் அனுசியா நினைத்தாள். தீப்பெட்டியைவிடச் சற்று நீளம், வெள்ளி நிறம், ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு திரை.

ஆன்டனி பெரியதாழைக்காரன். அவள் கணவன் செந்தில்முருகனோடு ஒரே சரக்குக் கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை பார்த்தவன். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தவனிடம் செந்தில் இதைக் கொடுத்து அனுப்பியிருந்தான். தூத்துக்குடியில் எல்லோரும் கேசட்டிலும் சிடியிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எம்பி3 பிளேயர் என்ற பெயரையே அவள் அன்றுதான் கேட்டாள்.

"கேசட்டு ஒண்ணும் போட வேண்டாம்க்கா. பாட்டெல்லாம் உள்ளயே இருக்கு. ஒத்தப் பென்சில் பேட்டரி போதும். எஃப்எம் ரேடியோவும் எடுக்கும். நீங்க நாள் முழுக்கத் தையல் மிஷின்ல உக்காந்திருக்கியளாம், அதுக்குத்தான் வாங்கினாவ." ஆன்டனி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "செந்தில் அண்ணன் பேசி வச்சதும் அதுக்குள்ள இருக்கு. மறக்காமக் கேக்கச் சொன்னாவ."

"என்ன பேசியிருக்காவ?"

"யாருக்குத் தெரியும்? எங்கள வெளிய அனுப்பிட்டுக் கதவச் சாத்திக்கிட்டுல்லா பேசுனாவ. ரொம்ப நேரம்."

அனுசியாவுக்கு அது நம்பும்படியாக இல்லை. செந்தில் வீட்டில் இருக்கும்போதே நாலு வார்த்தை பேசுவதற்குள் ரெண்டு முறை தொண்டையைச் செருமுகிறவன். கதவைச் சாத்திக்கொண்டு அவன் என்ன பேசியிருப்பான்?

அன்று மாலையே அவள் அந்தக் குரலைத் தேடினாள். கிடைத்தது பாட்டு மட்டும்தான். பாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ ஓடியது. வேண்டாத பாட்டைத் தள்ளுவதற்கு ஒரு பொத்தான். அதையே அரை வினாடி கூடுதலாக அழுத்தினால் பெட்டி அணைந்துபோகும். மறுபடி எரியவிட்டால் பழையபடி முதல் பாட்டிலிருந்து தொடங்கும். தையல் மிஷினை மிதித்தால் காதுக்குள் வைத்த உருண்டை கழன்று விழுந்தது. முனைக்கடையில் வாங்கிய பேட்டரி ஒரு பகலைத் தாண்டவில்லை. ஒருநாள் ஒரு பாட்டின் பாதியில் சிக்கிக்கொண்டு "போ போ போ" என்று அதே எழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பேட்டரியைப் பிடுங்கித்தான் அதன் வாயை அடைக்க முடிந்தது.

ஆனாலும் அவளுக்கு அதை விட மனமில்லை. அவன் குரல் அதற்குள் எங்கோ இருந்தது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தபின் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்திப் பார்ப்பாள்.

அப்படி அழுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் திரையில் எஃப்எம் என்று வந்தது. சரி, ரேடியோவாவது கேட்கலாம் என்று இன்னொரு முறை தள்ளினாள். எஃப்எம்டி என்று வந்தது. இது இன்னொரு வகை ரேடியோ போல என்று நினைத்து அழுத்தினாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் ஒரு எழுத்தும் தோன்றின. அதையும் அழுத்தினாள். ஒரு கோடு மெல்ல நீண்டு திரையை நிரப்பியது. பிறகு பாட்டு இல்லை, ரேடியோ இல்லை, ஒரு சத்தமும் இல்லை.

தெருமுனையில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஜெமியிடம் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஜெமி கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தாள். வேறொரு கம்ப்யூட்டரிலும் சொருகிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையேக்கா."

"பாட்டு இருந்துச்சே. அவுக பேசுனதும் இருந்துச்சு."

"நீங்க அழுத்துனது எல்லாத்தையும் மொத்தமா அழிக்கிற பொத்தான். ஃபார்மட்டுன்னு போட இடம் பத்தாம எஃப்எம்டின்னு போட்டிருக்கான். வேணுமான்னு கேட்டிருக்கும். நீங்க ஆமான்னுட்டிய."

"திரும்ப எடுக்க முடியாதா?"

ஜெமி முடியாது என்று தலையை ஆட்டினாள்.  அனுசியாவுக்குச் சண்டை போடவும் ஆள் இல்லை. பேசவே பேசாத மனுஷன் வாழ்க்கையில் ஒருமுறை மனம் விட்டுப் பேசியதைக் கட்டைவிரலால் அமுக்கிக் கொன்றுவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஜெமி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் போல் கழித்து ஃபோன் வந்தது. கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நின்றது. கார்டு போட்டுப் பேசும் ஃபோன். அவன் குரலுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் சத்தமும் கேட்டது.

"அனு, ஆன்டனி வந்தானா? நான் பேசுனதக் கேட்டியா?"

அழிந்துபோயிற்று என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். கேட்டியா என்று அவன் கேட்ட விதம் அவளைத் தடுத்தது. பரீட்சை முடிவைப் பார்க்க வந்தவன்போலக் கேட்டான்.

"கேட்டேன்" என்றாள்.

"கோவம் இல்லையே?"

"இல்ல."

"உனக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்ளா. நான் கட்டாயப்படுத்தல. சொல்லு, சம்மதமா?"

ஒவ்வொரு முறை ஒப்பந்தம் முடியப் போகும்போதும் இன்னும் மூணு மாசம் இருந்துட்டு வரட்டுமா என்று கேட்பான். இந்த முறையும் அதுதான் என்று அவள் முடிவுகட்டினாள்.

"சம்மதந்தான். நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதிய."

 லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தாள். பிறகுதான் அவன் அழுதுகொண்டிருப்பது கேட்டது.

"நீ சரின்னு சொல்லுவன்னு நான் நெனைக்கவே இல்ல அனு. நீ பெரிய மனுஷி."

"ஏங்க, எதுக்கு..." என்று அவள் தொடங்குவதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

மூன்று மாசம் கூடுதலாக இருப்பதற்கு எந்த மனுஷன் அழுவான்?  கப்பலுக்குத் திரும்பக் கூப்பிட வழியில்லை. அடுத்த துறைமுகம் கடலுக்கு அந்தப் பக்கம். தைக்க வந்த துணிகளை வெட்ட உட்கார்ந்தால் அளவு மறந்துபோயிற்று. நிலத்தை விற்கப் போகிறானா, வேறு தேசத்திலேயே தங்கப் போகிறானா, இன்னொரு பெண்ணா என்றுகூட நினைத்தாள். நினைக்க முடிந்தவற்றையெல்லாம் நினைத்துப் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு ஆம்னி வேன் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சுடலைக்கண்ணன் இறங்கினான். செந்திலின் சித்தப்பா மகன், குலசேகரன்பட்டினத்தில் இருப்பவன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மதினி, கப்பல் கிளம்புததுக்கு முன்ன அண்ணன் இன்னொரு கார்டு வாங்கி டர்பன்லருந்து ஃபோன் போட்டு எல்லாம் சொல்லிட்டாவ. நீங்க சரின்னுட்டியளாமே. ஊர்ல எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசுதாவ."

"என்ன சரின்னேன்?"

அவள் கேட்டது அவன் காதில் விழவில்லை. வேனின் பின்கதவைத் தூக்கினான். உள்ளே பாயில் ஒரு மனிதர் கிடந்தார். வலது கை மார்பின்மேல் மடங்கிக் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கரபாண்டியன். செந்திலின் அண்ணன்.

குலசேகரன்பட்டினத்தில் அவர்களுடைய பூர்வீக வீட்டோடு சேர்ந்த பலசரக்குக் கடை அவர் கையில் இருந்தது. சொத்தைப் பிரிக்கச் சொல்லித் தம்பியைத் தூண்டுவது அனுசியாதான் என்று அவருக்கு ஒரு எண்ணம். செந்தில் கப்பலில் இருந்த ஒரு தசராவின்போது, தெரு முழுக்க நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டியவர்களும் மேளமுமாக இருந்த நேரத்தில், அந்த வீட்டில் குடியிருந்த அவளுடைய டிரங்குப் பெட்டியையும் தையல் மிஷினையும் தெருவில் தூக்கி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். காளி வேஷம் கட்டிய யாரோ ஒருவர்தான் மிஷினைக் கூட்டத்தின் காலில் மிதிபடாமல் ஓரமாக நகர்த்தி வைத்தார். நாசரேத்திலிருந்து அவள் அண்ணன் வரும்வரை வெயிலில் அதன் பக்கத்தில் நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் முன்னால் யாரும் எடுப்பதில்லை. அவர் மனைவி இறந்துபோனதுகூட ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது.

"பக்கவாதம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு மதினி. பேச்சும் போச்சு. புள்ளயும் கிடையாது. நான் எத்தன நாள் பாக்க முடியும், சொல்லுங்க? செந்தில் அண்ணன்தான் அனு சம்மதிச்சா கொண்டு போய்விடுன்னாவ."

 அனுசியாவின் காதில் கடல் இரைவதுபோல ஏதோ இரைந்தது. நான் இதற்குச் சரி என்று சொல்லவில்லை என்ற வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்தன. எதிர்வீட்டு அம்மா படியில் நின்று கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன்காரர் வண்டியைத் திருப்ப இடம் பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் கிடந்தவர் அவளையே பார்த்தார். அவர் ஒருவர் முகத்தில்தான் அவள் முகத்தில் இருந்த அதே அதிர்ச்சி இருந்தது.

தான் கேட்டைத் திறந்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை. பிறகு பார்த்தபோது முன்னறைக் கட்டிலில் அவர் கிடந்தார். வேன் போய்விட்டிருந்தது.

அடுத்த நாட்களில் அவள் ஒரு மிஷின்போல வேலை செய்தாள். துடைப்பதற்கும் துணி மாற்றுவதற்கும் ஏசுவடியான் என்று ஒரு ஆஸ்பத்திரி வார்டுபாய் காலையிலும் மாலையிலும் வந்துபோனார். சாப்பாடு மட்டும் அவள் பொறுப்பு. கஞ்சியைக் கரண்டியில் எடுத்து நீட்டுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவரும் வாயைத் திறக்க மாட்டார். தண்ணீர் மட்டும் இறங்கியது. கடைவாயில் வைத்த கஞ்சி வழிந்து தலையணையில் விழுந்தது.

"இப்படியே போனா உடம்பு தாங்காதும்மா. பட்டினி கிடந்தே முடிச்சுக்கிடலாம்னு இருக்காரு போல" என்றார் ஏசுவடியான்.

தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து அவளைப் புகழ்ந்தார்கள். எதிர்வீட்டு அம்மா, "உன்ன மாதிரி மனசு யாருக்கு வரும் ஏளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதையெல்லாம் அவரும் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் மூன்றாவது முறையாகக் கஞ்சியைத் துப்பியபோது அனுசியா கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உங்கள மன்னிச்சு இங்க கூட்டிட்டு வரல."

அவர் தலை மெல்லத் திரும்பியது.

"உங்க தம்பி ஒரு பாட்டுப் பெட்டியில உங்களப் பத்திப் பேசி அனுப்பியிருக்காவ. நான் தப்பான பொத்தான அழுத்தி எல்லாத்தயும் அழிச்சிட்டேன். ஒரு வார்த்தகூடக் கேக்கல. அழிச்சதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அவுக ஃபோன்ல சம்மதமான்னு கேட்டதும் சரின்னுட்டேன். இன்னும் மூணு மாசம் கப்பல்ல இருக்கத்தான் கேக்குதாவன்னு நெனச்சேன். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் சரின்னே சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் கண் சிமிட்டாமல் பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏதோ ஆகிவிட்டது, இன்னொரு முறை வாதம் அடித்துவிட்டது என்று பதறி எழுந்தாள். அப்புறம்தான் புரிந்தது, அவர் சிரிக்கிறார். முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடியது. அடக்க முடியாமல் கட்டில் அதிரச் சிரித்தார்.

 சிரிப்பு ஓய்ந்ததும் அவர் இடது கையை நீட்டித் தட்டை இழுத்தார். கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, பாதியை மார்பில் கொட்டிக்கொண்டு, கஞ்சி முழுவதையும் குடித்தார்.

தான் அத்தனை செய்தும் இவள் இரக்கம் காட்டுகிறாள் என்பதைத்தான் அந்த மனிதரால் விழுங்க முடியவில்லை என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

செந்திலின் அடுத்த ஃபோன் பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்திலிருந்து வந்தது. அவள் அவனைப் பேசவிடவில்லை. எஃப்எம்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"அப்போ நீ கேக்கவே இல்லையா?"

"இல்ல. என்ன பேசியிருந்திய? இப்பச் சொல்லுங்க."

"அது திரும்ப வராதுளா. அன்னைக்கு எப்படியோ வந்துட்டு." பிறகு, "சுடலைக்கண்ணன வரச் சொல்லி அண்ணன அனுப்பிருதியா?" என்றான்.

அவள் முன்னறையைப் பார்த்தாள். சங்கரபாண்டியன் உப்பு போதவில்லை என்பதற்குத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும். ஆனா அவர மன்னிச்சிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதிய. அவருக்கும் அது பிடிக்கல."

ஒப்பந்தம் முடிந்து செந்தில் ஊருக்கு வந்தபோது சாரல் காலம். வாசலில் பையோடு நின்றவன் உள்ளே கேட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டான். அண்ணன் குழறிக் கத்திக்கொண்டிருந்தார். கருவாடு தர முடியாது, டாக்டர் சொல்லிவிட்டார் என்று அனுசியா அதைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் ஃபோனில் அத்தனை சொன்ன பிறகும் பெரிய மனுஷியையும் கண்ணீர் வடிக்கும் அண்ணனையும் எதிர்பார்த்து அத்தனை கடலைத் தாண்டி வந்தவனுக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் ஒரு பையில் துணிகளை அடுக்கினாள்.

"எங்க?" என்றான்.

"குற்றாலம். ஜெமி வீட்டுக்காரங்க போறாவ, நானும் போறேன். பத்து நாளாகும். ஏசுவடியான் காலையில வருவாரு. கஞ்சியில உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடுங்க, இல்லன்னா துப்பிருவாரு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நின்று காத்திருந்தாள். தொண்டையைச் செருமினானே தவிர வார்த்தை வரவில்லை. வெளியே ஜெமி ஆட்டோவில் இருந்து கூப்பிட்டாள். அனுசியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.