பழுப்பு நிறத்துக்கு ஒரு சொல்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் ஞானசேகரன். சிங்கப்பூர் ஷிப்யார்டில் நானும் அவரும் ஒரே கப்பல் தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்டியவர்கள். நான் வெளியே வந்து எழுதப் போனேன், அவர் இன்னும் சாரம் கட்டுகிறார். இப்போது குடலில் கட்டி, புற்று. வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவர் வேண்டாமென்கிறார். காரணமும் வைத்திருக்கிறார்: கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் பி-53 என்ற புரதம் நிறைய இருந்ததாம். அவருடைய அறைத்தோழன் சுரேந்தர் செல்போனில் தேடிப் பார்த்து, அது உடம்பின் காவலர் என்று சொல்லிவிட்டான்.

"நிறைய இருந்தா நல்லதுதானே அண்ணே? உள்ளயே காவல் இவ்வளவு பலமா இருக்கறப்ப எதுக்கு வெட்டிக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கதை எழுத உட்கார்ந்தேன். (பதில் தெரியாதவன் செய்கிற வேலை இது.)

2

முதல் தொடக்கம்: "செல்லின் கருவுக்குள் ஒரு காவலர் கண் துஞ்சாமல்—"

அடித்துவிட்டேன். புரதத்துக்குக் கண் ஏது?

இரண்டாவது: "லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமை, மல்லிகை வாசத்தோடு—"

அதுவும் போகட்டும். ஞாயிறு என்பது உண்மைதான். மல்லிகை ஞானசேகரன் பிரச்சினை இல்லை.

மூன்றாவதாக ஆளைக் கொண்டுவருகிறேன். சம்சுன்னிசா, தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருப்பவர். ஆய்வகத்தில் கட்டித் துணுக்குகளுக்குச் சாயம் ஏற்றுகிறவர். பி-53 சேர்ந்து கிடந்தால் அந்த இடம் பழுப்பாகத் தெரியும். அவரையும் ஞானசேகரனையும் ஜாலான் புசாரில் ஒரு காப்பிக்கடைக்கு வரச் சொன்னேன்.

(இந்தப் பெண்மேல் எனக்குச் சந்தேகம். சரியான நேரத்தில் சரியான ஆள் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அது பொய்க்கதை. நல்லவேளை, அவருக்கு விளக்க வரவில்லை.)

3

"நார்மல் பி-53னா சீக்கிரம் டீக்ரேட் ஆயிடும் அண்ணே. மியூட்டன்ட்னா அக்யூமுலேட் ஆகும் லா. அதான் ஸ்ட்ராங் பாசிட்டிவ்."

ஞானசேகரன் காதில் விழுந்தது பாசிட்டிவ் மட்டும். பார்த்தீங்களா என்பதுபோல என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

சம்சுன்னிசா தே தாரிக் டீயைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அந்தப் புரதத்துக்கு ஒரு வேலை இல்லை, பல வேலை. செல்லுக்குள் பழுது வந்தால், பெருகாதே, நில் என்னும். சரிசெய்ய ஆள் கூப்பிடும். சரிப்படாது என்றால் அந்தச் செல்லையே சாகச் சொல்லும்.

"சேஃப்டி மாதிரியா?" என்றார் ஞானசேகரன்.

[அடிக்குறிப்பு, வெளியாட்களுக்கு: சைட்டில் சேஃப்டி என்பது ஓர் ஆள். கயிறு தேய்ந்திருந்தால் ஸ்டாப் ஒர்க் என்று கத்துகிறவர். அவர் கத்தினால் கிரேன் நிற்கும். சேஃப்டி வர்றாரு என்றாலே பெல்ட்டைத் தேடி மாட்டுவோம்.]

"ஆமா லா, சேஃப்டியேதான். ஆனா உங்க கட்டில இருக்கறது கெட்டுப்போன சேஃப்டி. சேஃப்டி சட்டை மட்டும் போட்டிருக்கான், வேலைய நிறுத்த மாட்டான். நல்லவன் வந்த வேலை முடிஞ்சா கிளம்பிடுவான், சாயத்துல அவ்வளவா தெரிய மாட்டான். இவன் போறதே இல்ல. கூட்டம் சேர்ந்துடும். சில சமயம் கட்டிக்கே வேலை பாப்பான்."

இந்த இடத்தில் ஞானசேகரன் தெளிவடைந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார் என்று எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. முகம் தொங்கிப்போனது.

"சேஃப்டியே கட்டியோட ஆளுன்னா, வெட்டி என்ன ஆகப்போவுது?"

முதலில் காவலர் என்ற பொய்யான சொல் அவரைத் தடுத்தது. இப்போது சரியான சொல்லே தடுக்கிறது.

சம்சுன்னிசா அவசரப்படவில்லை. "பெரும்பாலும் அந்த ஒரு சைட்லதான் அண்ணே அவன் இருப்பான். உடம்புல மத்த இடத்துல எல்லாம் நல்ல சேஃப்டிதான். கட்டிய எடுத்தா அவனும் கூடவே வெளிய போயிடுவான். எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. அத டாக்டர்தான் சொல்லணும்."

ஞானசேகரன் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"அமலா சரின்னா படுத்துக்கறேன்."

4

அமலா அவர் மனைவி. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். காவலர் செய்தி அவருக்கும் போயிருந்தது. தெரு முழுக்கச் சொல்லி, மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டார். அந்தச் செய்தியைத் திரும்ப வாங்க ஞானசேகரனுக்கு வாய் வரவில்லை.

ஒரு முடிவு: அமலா உடனே சரி என்கிறார். எழுதிப் பார்த்தேன், மூன்று வரியில் முடிந்தது. மெழுகுவத்தி ஏற்றியவர் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்ல மாட்டார்.

இன்னொன்று: வியாழக்கிழமை அவர் விமானம் ஏறி ஊருக்கு— இல்லை. கதைக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். கூடத் துரு சுரண்டியவரை அப்படி அனுப்ப மாட்டேன்.

மிச்சமிருப்பது இதுதான். காப்பிக்கடையிலிருந்தே ஞானசேகரன் அமலாவை அழைத்தார். அந்தப் பக்கம் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம். சாப்டியா என்று கேட்டவர், அதற்குமேல் முடியாமல் போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே."

அமலா சைட்டைப் பார்த்ததில்லை. சேஃப்டி என்றால் அவருக்கு ஒன்றுமில்லை.

"வணக்கம்மா. அந்தக் காவலர்னு சொன்னாருல்ல, அவரு—"

"நிறைய இருந்தா நல்லதுன்னு இல்லம்மா, இப்ப சோத்துல உப்பு—" இல்லை, உப்பு கெட்டுப்போகாது.

"பால் திரிஞ்சா எப்படி—"

சம்சுன்னிசா தலையை ஆட்டுகிறார். ஞானசேகரன் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் இருக்கும் சொல்லெல்லாம் ஷிப்யார்டில் பொறுக்கியது. அது அமலா வரைக்கும் போகவில்லை. உங்களிடம் வேறு இருக்கலாம். அவரைப் பயமுறுத்தக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. அவர் சரி என்றால் ஞானசேகரன் வியாழக்கிழமை போவார்.

இந்தாருங்கள், போன். அமலா லைனில்தான் இருக்கிறார்.

"சொல்லுங்கண்ணே, கேக்குது."